இடுப்புக் குழி முறிவும் மலைச் சாலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டையூசி வளைவுகளாக மலைமீது ஏறுகிறது. மழையும் மூடுபனியும் மிகுந்த அச்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஒருவர் பக்கவாட்டில் விழுகிறார் என்க. வெளியே குருதி இல்லை. தோல்கூடப் பெரிதாகக் கிழியவில்லை. எழுந்து நிற்க மட்டும் அவரால் இயலவில்லை. சூழ்ந்து நிற்போர் அதனைச் சுளுக்கு என்கின்றனர். ஒருவர் காலைப் பிடித்து இழுக்கிறார். மற்றொருவர் தைலம் தேடுகிறார். நகரத்தில் 1951-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியோ அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அம்மனிதர் பின்னாளில் நேராக நடப்பாரா, நொண்டி நடப்பாரா என்பதை ரண சிகிச்சை அறை மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதில் ஒரு பெரும்பகுதி சாலையோரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் கிண்ணம் போன்ற குழி ஒவ்வொன்று உண்டு. தொடையெலும்பின் உருண்டைத் தலை அக்குழியில் பொருந்திச் சுழல்கிறது. உணவு மேசையில் காடி வைக்கும் சிறு கிண்ணத்துக்கு ரோமானியர் இட்டிருந்த ‘அசிட்டாபுலம்’ என்னும் பெயரையே உடற்கூற்று நூலார் இக்குழிக்கும் வழங்கினர். குழியும் தலையும் வழுவழுப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டுள்ளன. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பாரம் முழுவதும் இவ்வழியே காலுக்கு இறங்குகிறது. எனவே, முறிந்த குழியின் துண்டுகள் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கமாகப் பொருந்தி ஒட்டினாலும், அப்படிக்கட்டு குருத்தெலும்பை நாளடைவில் தேய்த்துவிடும். முன்கை எலும்பு சற்றுக் கோணலாகக் கூடினால் பலர் அதனைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்துவிடுகின்றனர். குழியின் நிலை அவ்வாறன்று.

இம்முறிவு எழும் விதமும் அறியத்தக்கது. பக்கவாட்டில் விழுபவரின் தொடை மேற்புறத்தில் படும் அடி, எலும்பின் கழுத்து வழியாகச் சென்று தலையைக் குழிக்குள் சம்மட்டிபோல் அறைகிறது. ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு முழங்கால் எதிர்ப் பலகையில் மோதுகிறது. அவ்விசை தொடை வழியே பின்னோக்கிச் சென்று குழியின் பின்சுவரை உடைக்கிறது. தலை குழியை விட்டே வெளியேறுவதும் உண்டு. அவ்வாறு பின்புறம் நழுவினால் கால் மடிந்து, உட்புறம் திரும்பி, குட்டையாகக் காணப்படும். இத்தோற்றத்தைக் கண்டுகொள்ள எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்த கண் போதும். ஆயினும், நழுவாமல் முறிவு மட்டும் நேர்ந்த இடங்களில் கால் இயல்பாகவே தோன்றக்கூடும். விழுந்தவரால் பாரம் தாங்க இயலவில்லை என்பதொன்றே அங்குப் போதிய எச்சரிக்கையாகும்.

முதற் காலக்கெடு இங்குத்தான் தொடங்குகிறது. தொடையெலும்புத் தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்குழாய்களிற் பெரும்பாலானவை எலும்பின் கழுத்தை ஒட்டிச் செல்பவை. தலை நழுவியதும் அவை முறுக்குண்டும் இழுபட்டும் கிடக்கின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் மயக்கமருந்தளித்துத் தலையைக் குழியிற் சேர்த்தல் நன்று என்பது மருத்துவர் கொள்கை. தாமதம் மிக மிக, தலை உயிரிழந்து சில மாதங்கள் கழித்து நொறுங்கும் அபாயம் பெருகும். அருகே ஓடும் பெருநரம்பு நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும். ‘பாதத்தை மேலே தூக்குங்கள்’ என்று சொல்லிப் பார்த்தால் இதனை எவரும் அறியலாம்.

இரண்டாவது கெடு வாரக்கணக்கிலானது. நெடுங்காலம் இம்முறிவுக்குப் படுக்கையும் பாரம் கட்டி இழுத்தலுமே சிகிச்சையாக இருந்தன. பாரிஸ் நகரத்து ரண சிகிச்சை வல்லுநர்களான ராபர்ட் ஜூடே, ழான் ஜூடே, எமில் லெதூர்னல் ஆகியோர் 1964-இல் வெளியிட்ட கட்டுரை இந்நிலையை மாற்றியது. நோயாளியை இரு பக்கமும் 45 பாகை சாய்த்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, முறிவுகளை வகைப்படுத்தி, வகைக்கேற்ற வழியில் திறந்து, துண்டுகளைச் சீராகப் பொருத்தித் தகடும் திருகாணியும் இட அவர்கள் வழிகாட்டினர். லெதூர்னலின் பத்து வகைப் பாகுபாடு இன்றும் வழக்கில் உள்ளது, சி.டி. ஸ்கேன் அதனை மேலும் தெளிவாக்கியுள்ளது. எல்லா முறிவுக்கும் கத்தி தேவை என்பதன்று. துண்டுகள் விலகாதிருந்தால் பாரம் ஊன்றாத ஓய்வே போதுமானது. விலகியிருந்தாலோ முதல் இரண்டு வாரங்களே நற்காலம். மூன்று வாரம் கடந்தால் புதிய எலும்பும் தழும்பும் முறிவு விளிம்புகளை மூடிவிடுகின்றன. கைதேர்ந்தவருக்கும் செம்மையாகப் பொருத்துதல் அரிதாகும்.

பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியில், குறிப்பாக 1956-இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், வர்ம ஆசான்களின் எலும்பு வைத்தியம் தொன்றுதொட்டு வழங்குவது. அதனை ஏளனம் செய்வதால் ஆவதொன்றுமில்லை. எளிய முறிவுகளில் பலர் அவர்களிடம் நலம் பெற்றதும் மெய்யே. ஆனால், ஆழத்திலுள்ள குழியின் துண்டுகளை வெளியிலிருந்து எந்தக் கையும் தடவிப் பொருத்த இயலாது. எண்ணெய்க் கட்டில் கழியும் மூன்று வாரம் திரும்பிவராத மூன்று வாரமாகும். பழமையே சான்றாக வேண்டுமெனின், தொடை முறிந்தவரைப் பலகையிற் கிடத்தி, முளைகள் அறைந்து, அசையாதபடி கட்டுமாறு சுசுருத சம்ஹிதை கூறுகிறது. சாலையோரத்து இழுப்புக்கும் உருவலுக்கும் அந்நூலில் ஆதரவு தேடுவது வீண்.

பயிற்சியற்றோருக்கு இவற்றைக் கற்பித்தால் வீணே கைவைப்பர் என்று சிலர் அஞ்சுகின்றனர். கற்பிக்காத இக்காலத்திலும் அவர்கள் கைவைத்துக்கொண்டுதான் உள்ளனர்! கற்பிக்க வேண்டியது பெரிதும் செய்யத்தகாதவற்றையே. காலை இழுக்கலாகாது, நிமிர்த்தலாகாது. கிடக்கும் நிலையிலேயே துணிச்சுருளால் அண்டை கொடுத்துப் பலகையிலோ தூக்குப்படுக்கையிலோ கொண்டுசெல்ல வேண்டும். ஜீப்பின் பின்னிருக்கையில் மடக்கி உட்கார வைக்கலாகாது. மயக்கமருந்து தேவைப்படலாமாதலால் தேநீரும் கொடுத்தலாகாது. விபத்து நேர்ந்த மணியை ஒரு துண்டுத்தாளில் குறித்து உடனனுப்புதல் மிகப் பயன்தரும். ஆறு மணி நேரத்தில் எவ்வளவு கழிந்தது என்பதை மருத்துவர் வேறெப்படி அறிவார்? உதவுவோர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டப்படி, சாலை விபத்துக்குள்ளானவர் ரூ.1.5 லட்சம் வரை, விபத்து நாளிலிருந்து ஏழு நாட்களுக்குப் பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். திட்டம் வரவேற்கத்தக்கது. ஆயினும் குழி முறிவில், உட்கசிவு அடங்குவதற்கென மருத்துவரே சில நாட்கள் காத்திருப்பர். நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்படுவதிலும் நாட்கள் கழியும். ஏழாம் நாளில் உதவி நின்றால், ரண சிகிச்சைக்கு உகந்த வேளையில் குடும்பம் பணத்துக்கு அலைய நேரிடும். இத்தகைய முறிவுகளுக்கேனும் அவ்வரம்பை இரண்டு வாரமாக நீட்டுதல் தகும்.

மலையடிவாரப் பள்ளிகளில் இதனை விளக்கப் பெரிய சாதனங்கள் வேண்டா. ஒரு சிரட்டையும், அதனுள் சுழலும் அளவில் ஓர் எலுமிச்சம்பழமும் போதும். சிரட்டையை இரண்டாக உடைத்து, சற்றே பிசகாகச் சேர்த்துப் பிடித்து, பழத்தைச் சிறிது நேரம் அழுத்திச் சுழற்றினால், அதன் தோலில் விழும் கீறலை மாணவர் கண்ணாலேயே காண்பர்.