திருமலைக் கல்லில் பவளம் தேடுவோர்

திருப்பதி, சித்தூர்ப் பகுதிக் குன்றுகளில் கல் சேகரிப்போர் கையில் துளைகளோ கிளைக்கோடுகளோ உள்ள துண்டு ஒன்று அகப்பட்டால், அது பவளப் புதைபடிவமாக இருக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆயினும் அத்துண்டு திருமலைப் பாறையிலிருந்து உதிர்ந்தது என்பது உறுதியானால், லென்ஸை எடுக்கும் முன்பே இல்லையென்று சொல்லிவிடலாம். திருமலைச் சரிவில் அடியில் கிரானைட்டும், அதன்மேல் நகரியின் பெயர் பெற்ற குவார்ட்சைட்டும் (மணற்கல் இறுகி உண்டான கடும்பாறை) அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் பதிவே விடுபட்டுப்போன எல்லையை, 'எபார்க்கியன்' இடைமுறிவு என்று குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. அந்த எல்லைக்கு மேலுள்ள குவார்ட்சைட்டே 150 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. பவள உயிரிகளுக்கோ 55 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் தெளிவான சான்று இல்லை.

அப்படியானால் கையிலிருப்பது என்ன? விரிசலில் புகுந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் செடிபோலக் கிளைத்த 'டென்ட்ரைட்' ஆகலாம். அது பாறையின் மேற்பரப்பில் ஒட்டிய படலமே அன்றி உள்ளே தொடர்வதில்லை. மண்ணில் திரண்ட சுக்கான்கல்லும் ஆகலாம். வடக்கே கடப்பைப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் காணும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் உயிரின் தடயங்களே என்றாலும், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து உண்டானவையாதலால், பவளத்தின் அடையாளமான கிண்ணக் குழிகள் அவற்றில் இரா. சத்தியவேட்டின் மணற்கற்கள் வயதில் மிக இளையவை. ஆனால் அவற்றில் பெயர்பெற்றவை தாவரப் பதிவுகளே.

உண்மையான பவளங்களைக் காண வேண்டுமாயின் தெற்கே திருச்சி, அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். டால்மியாபுரம் எனப்படும் கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய கடல் திட்டுகளின் எச்சம். இப்பரப்பின் புதைபடிவங்களை முதலில் திரட்டியவர்களும் தொழில்முறை அறிஞர்கள் அல்லர். 1840-களில் சென்னை அரசின் சிவில் அதிகாரிகளான கேய், கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய இடங்களில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பியவற்றையே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து வெளியிட்டார். இப்பகுதியின் பவளங்களைத் தனியே ஆராய்ந்து 1873-இல் வெளியிட்டவர், புவியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மறு ஆண்டே அவர் லடாக்கில் இறந்தார்.

பவளத்தை அறியும் முறை எளியதுதான், ஆனால் பொறுமை வேண்டும். கல்லைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தைக் கார்போரண்டம் தூளிட்டுத் தேய்த்து, நீரால் நனைத்துப் பத்து மடங்கு லென்ஸில் நோக்கினால், ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் மெல்லிய ஆரத் தகடுகள் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். இன்றைய பவளங்களிலும் அவற்றின் முன்னோரிலும் அவை ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என ஆறின் மடங்குகளாகப் பெருகும். 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ரூகோசா என்னும் பவள வகையில் அவை நான்கு கால்பகுதிகளில் கூடிச்செல்லும். எனவே அரியலூர்க் கல் என்று காட்டப்படும் ஒன்றில் ரூகோசாவின் அமைப்பு தெரிந்தால், கல்லை அன்று, அதனுடன் வந்த சீட்டையே ஐயுற வேண்டும். மொராக்கோவின் ரூகோசாக்கள் உலகெங்கும் விலைக்குக் கிடைக்கின்றன.

தகடுகள் எப்போதும் தெளிவாக இருப்பதும் இல்லை. ஆறின் மடங்காகத் தகடு பெருகும் பவளங்களின் எலும்புக்கூடு அரகோனைட் என்னும் நிலையற்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. அது காலப்போக்கில் கரைந்தோ கால்சைட்டாக மாறியோ உள்ளமைப்பை மழுக்கிவிடும். அத்தகைய துண்டுக்குப் பேரினப் பெயர் சூட்டத் துடிப்பதைவிட, பவளம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. சேகரிப்போரில் பலர் இங்கேதான் அவசரப்படுகின்றனர். கிடைத்த ஊர், பாறையடுக்கு, நாள் ஆகியவற்றை எழுதிவைக்கவோ அவர்களுக்கு நேரமிருப்பதில்லை.

ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் படிவங்களைத் திருச்சிப் படிவங்களைவிடப் பழையவை என்று கணித்தார். பின்வந்தோர் அவை இளையவை என்று நிறுவினர். கற்கள் எந்த ஊரில் எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு கலையாமல் இருந்தால்தான் இத்தகைய திருத்தம் சாத்தியமாகும்.