எக்ஸ்ரேயில் தெரியாத தோள் காயம்



பேருந்திலிருந்து இறங்குகையில் தவறி, கையை ஊன்றி விழுந்த ஐம்பது வயதுடைய ஒருவரை எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. வலி மாத்திரையோடு வீடு திரும்புகிறார். ஒரு மாதமாகியும் கையை உயர்த்தித் தலை சீவ இயலவில்லை. "எலும்புக்கு ஒன்றுமில்லையே, தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பே அவருக்குத் தீங்காக முடியக்கூடும்.

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. பந்து பெரியது, கிண்ணமோ ஆழமற்றது. ஆகவேதான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. அதே காரணத்தால் எளிதில் நழுவவும் செய்கிறது. பந்தை நிலைநிறுத்தும் நான்கு தசைகளின் நார்கள் கிழிந்தால், அக்கிழிவு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அதைக் கண்டறிய மருத்துவரின் கண்களும் கைகளுமே முதற்கருவிகள்.

முதலில், மேற்சட்டையைக் களையச் செய்து இரு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அடுத்து, எவ்விடத்தில் வலி என்று தொட்டறிவார். காறை எலும்பு முடியும் உச்சியில் மட்டும் வலித்தால், அங்குள்ள சிறுமூட்டில் அடிபட்டிருக்கலாம்.

மூன்றாவதே முக்கியமானது. "நீங்களாகவே கையை உயர்த்துங்கள்" என்பார். பின்பு தாமே உயர்த்திப் பார்ப்பார். உங்களால் இயலாதது அவர் தூக்கும்போது இயலுமானால், தசைநார் கிழிந்திருக்கலாம். அரிதாக நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவர் முயன்றும் அசையாமல், முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்பவும் இயலாவிடில், அது பெரும்பாலும் 'உறைந்த தோள்' ஆகும். 40 முதல் 60 வயதினருக்கும், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது மிகுதி. கையைப் பக்கவாட்டில் உயர்த்துகையில் 60 முதல் 120 பாகை வரை மட்டும் வலித்தால், தசைநார் எலும்பினடியில் நசுங்குவதாகக் கருதுவர்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? உறைந்த தோள் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் நீடித்தாலும், பயிற்சியினால் பெரும்பாலும் தளர்ந்து வரும். விழுந்ததனால் முழுமையாகக் கிழிந்த நாரோ, நாள் செல்லச் செல்ல உள்வாங்கும், தசையும் மெலியும், பின்னர் தைப்பது கடினமாகும். ஆகவே விழுந்தபின் கையை உயர்த்த இயலாதவர் தாமதியாமல் எலும்பு மருத்துவரிடம் சென்று, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ தேவையா என்று கேட்க வேண்டும்.

தோளின் உருண்டை வடிவம் மாறித் தட்டையாகத் தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். எவரையும் இழுக்கவோ சுளுக்கு வழிக்கவோ விடாதீர்கள். நரம்பும் இரத்தக்குழாயும் சேதமடையும். துண்டினால் கையைத் தாங்கிக் கட்டி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலிப்பு நோயோ மின்அதிர்ச்சியோ ஏற்பட்டபின் தோள் அசையாவிடில் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டு பின்புறமாக நழுவியிருந்தால், ஒரு கோணத்தில் மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் அது தப்பிவிடக்கூடும்.

தோளில் தோன்றும் வலியெல்லாம் தோளுக்குரியதன்று. விரல்கள் வரை மரத்துப்போனால் கழுத்தையும் சோதிக்க வேண்டும். மார்பில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

மருத்துவரிடம் செல்லும்போது எப்படி விழுந்தீர்கள், எந்த அசைவு இயலவில்லை, இரவில் வலி உறக்கத்தைக் கெடுக்கிறதா என்பவற்றைத் தெளிவாய்க் கூறுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் நீட்டாமல், தோளையும் காட்டுங்கள்.