முத்திரை குத்தினால் போதுமா?

வயோதிகர்களையும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளையும் வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது இன்று பெரிய வியாபாரமாகிவிட்டது. சென்னை, கோவை, மதுரை என்று எந்த நகரத்துக்குப் போனாலும் "ஹோம் நர்ஸ்" ஏஜென்சிகளின் விளம்பரப் பலகையைப் பார்க்கலாம். அந்த வேலைக்குப் போகிறவர்கள் யார்? மில் மூடியதால் தெருவுக்கு வந்த தொழிலாளியின் மகள். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின் பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்த விவசாயக் கூலிப் பெண். படுக்கையில் கிடப்பவர் யார்? பணக்காரர் மட்டுமல்ல. பஞ்சுத் தூசியை விழுங்கி நெஞ்சு கெட்ட பழைய தொழிலாளியும்தான். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்க முடியாது.

இந்த ஏஜென்சிகளுக்குத் தர நிர்ணயம் வேண்டும், சர்க்கார் பதிவு வேண்டும், அங்கீகாரம் வேண்டும் என்ற பேச்சு பல காலமாக நடக்கிறது. 60 வயது கடந்தவர்கள் இந்நாட்டில் 10 கோடிக்கு மேல் என்று 2011 ஜனத்தொகைக் கணக்கே சொல்லிவிட்டது. 2019 டிசம்பரில் மத்திய சர்க்கார் லோக்சபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தும் மசோதா அது. முதியோர் இல்லங்களோடு வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளும் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறைந்தபட்சத் தரத்தைக் காக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மசோதா நிறைவேறவில்லை. 2024-ல் அந்த லோக்சபை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று.

அத்தகைய சட்டம் வர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் வரும்போது ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். தரம், தரம் என்கிறார்களே, எதை அளந்து தரம் என்று சொல்லப் போகிறார்கள்?

மில் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் நன்றாகத் தெரியும். பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி முன்னதாகவே வந்துவிடும். கக்கூசுக்கு வெள்ளையடிப்பார்கள். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறையும். ரிஜிஸ்டர்கள் ஒரே இரவில் ஒழுங்காகும். இன்ஸ்பெக்டர் போன மறுநாள் பழைய கதைதான். விவசாயக் கூலிக்கும் தெரியும். பண்ணையார் நெல்லை வாங்க ஒரு மரக்காலும் கூலி கொடுக்க ஒரு மரக்காலும் வைத்திருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். மரக்காலில் முத்திரை இருந்தால் போதாது. அளக்கும் இடத்தில் கூலிக்காரன் நின்று பார்க்க உரிமை வேண்டும்.

அங்கீகாரச் சர்ட்டிபிகேட்டின் கதையைத் தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே முதியோர் இல்லம் மத்திய சர்க்காரின் மானியம் பெற வேண்டுமானால் அங்கீகாரம் பெற்றாக வேண்டியிருந்தது. இது பல வருஷங்கள் இருந்த சட்டம். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில், அடிலெய்டு நகரத்தின் ஓக்டன் என்ற பகுதியில், மூளைத் தளர்ச்சியும் மனநோயும் கொண்ட முதியவர்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. தனியார் இல்லமல்ல, மாநில சர்க்காரே நடத்தியது. 2016-ல் சோதனை நடந்தது. 44 அளவீடுகள். நாற்பத்து நான்கிலும் தேறியது! மறு வருஷம், 2017-ல், அந்த மாநிலத்தின் தலைமை மனநல மருத்துவர் விசாரித்து அறிக்கை வெளியிட்டார். முதியவர்களை முரட்டுத்தனமாகக் கையாண்டது, கட்டிவைத்தது, பராமரிப்பில் படுமோசமான அலட்சியம் என்று எல்லாம் வெளியே வந்தது. இல்லம் மூடப்பட்டது.

நாற்பத்து நான்கு மார்க்கு வாங்கிய இல்லத்தில் இது எப்படி நடந்தது? சோதனை காகிதத்தைப் பார்த்தது. படுக்கையில் கிடந்தவரை யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் கவனித்தார்கள் என்று பார்க்கவில்லை.

அந்த அவமானத்துக்குப் பின்னரே 2018 ஜூலையிலிருந்து மறு அங்கீகாரச் சோதனைகள் முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்டன. அதே வருஷம் ராயல் கமிஷனும் நியமிக்கப்பட்டது. நாட்டின் முதியோர் இல்லவாசிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், போதிய பணியாளர் இல்லாத இல்லங்களில் இருக்கிறார்கள் என்று அந்தக் கமிஷனுக்காக நடத்திய ஆராய்ச்சி கூறிற்று. அத்தனையும் அங்கீகாரம் பெற்ற இல்லங்கள்! 2021-ல் இறுதி அறிக்கை வந்தது. அதன் விளைவாக ஒரு புதிய அளவுகோல் பிறந்தது: நிமிஷக் கணக்கு. ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 நிமிஷப் பராமரிப்பு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் கட்டாயமாயிற்று. 2024 அக்டோபரில் அது 215 ஆகியது. அதில் 44 நிமிஷம் பதிவு பெற்ற நர்ஸ் தர வேண்டும். சங்கங்கள் 25 சதவிகிதக் கூலி உயர்வு கேட்டுப் போராடின. 2023 ஜூன் 30 முதல் 15 சதவிகிதம் கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவர்களுக்கும் அது சேர்ந்தது.

இல்லத்திலாவது பத்துப் பேர் கண் பார்க்கும். வீட்டுப் பராமரிப்பில் கதவு மூடியிருக்கிறது. உள்ளே ஒரு நோயாளி, ஒரு ஊழியை. அங்கே தரம் எப்படிக் கெடுகிறது என்பதற்குப் பிரிட்டன் உதாரணம். அங்கே ஏஜென்சிகளுக்குப் பதிவும் உண்டு, தர மதிப்பீடும் உண்டு. ஆனாலும் ஒரு வீட்டில் 15 நிமிஷம் என்று கணக்கிட்டு ஊழியரை ஓட ஓட விரட்டினார்கள். எழுப்பி, கழுவி, உடுத்தி, ஊட்டிவிட 15 நிமிஷமா? ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பலருக்குக் கூலியே இல்லை. இதை எதிர்த்து யூனிசன் என்ற தொழிற்சங்கம் 2012-ல் ஒரு சாசனம் வெளியிட்டது: 15 நிமிஷ வேலை கூடாது, பயண நேரத்துக்குக் கூலி வேண்டும், நோய் விடுப்புக்குச் சம்பளம் வேண்டும். தொழிலாளி எழுதிய தர நிர்ணயம் அது. சில நகர சபைகள் அதை ஏற்றன.

தரத்தைக் காக்க நியமித்த கமிஷனோ? அது சோதிக்கும் அதிகாரம் பெற்ற இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூட மதிப்பிடப்படவில்லை என்று 2024-ல் ஒரு விசாரணை அம்பலப்படுத்தியது.

2022-லிருந்து இந்தியாவிலிருந்தும் பலர் அந்த வேலைக்கு விசா பெற்றுப் போனார்கள். அவர்களுடைய விசா முதலாளியின் லைசென்சோடு பிணைக்கப்பட்டது. முதலாளி தவறு செய்து லைசென்சு பறிபோனால், ஊழியர் சுமார் 60 நாளில் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போக வேண்டும். குற்றம் ஒருவனுடையது, தண்டனை இன்னொருத்திக்கு! இந்த நிலையில் "இங்கே நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்திருக்கிறது" என்று எந்த ஊழியை வாய் திறப்பாள்? பயந்த ஊழியை மௌனமாக இருப்பாள். அவள் மௌனமானால் எந்தச் சோதனையும் உண்மையைக் காணாது.

"கூலியை உயர்த்தினால் செலவு ஏறும், ஏழைக் குடும்பம் எங்கே போகும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய விலைக்கே கூலிக்காரன் வீட்டுக்கு ஏஜென்சி வருவதில்லை. மகளோ மருமகளோ தினக்கூலியை இழந்து கிழவியின் பக்கத்தில் உட்காருகிறாள். ஆகவே பராமரிப்பு பொதுச் செலவில் நடக்க வேண்டும். அது முடியாத காரியமல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கும் சிகிச்சை தருகிறது. ஆனால் அதைச் சுமந்து செல்லும் பெண்களுக்குப் பெயர் தன்னார்வலர். கையில் தருவது ஊக்கத்தொகை. வேலை வாங்கும்போது ஊழியர், கூலி கேட்டால் தொண்டரா?

புதிய சட்டம் வரும்போது அதில் இருக்க வேண்டியவை இவை. ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம், எத்தனை கைகள் என்பதைத் தரத்தின் முதல் அளவாக வைக்க வேண்டும். ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலி, வாரவிடுமுறை, ஈ.எஸ்.ஐ., பி.எப். தராத ஏஜென்சிக்கு அங்கீகாரம் கூடாது. சோதனை சொல்லாமல் வர வேண்டும். நோயாளியையும் ஊழியையும் ஏஜென்சிக்காரர் இல்லாமல் தனியே விசாரிக்க வேண்டும். குறை சொன்ன ஊழியையின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும். பயிற்சி சர்க்கார் செலவில் நடக்க வேண்டும்.

இவை இல்லாத சர்ட்டிபிகேட் ஏஜென்சியின் சுவரில் சட்டம் போட்டு மாட்டத்தான் உதவும். விளம்பரத்துக்கு ஒரு வரி கூடும், வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகையும் கூடும். படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வேளைக்குக் கிடைக்காது. மரக்காலில் முத்திரை வேண்டும். அளக்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும்.