கற்பிப்பவருக்கும் ஒரு தேர்வு வேண்டும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு என்னென்ன தகுதி இருக்க வேண்டும் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-லேயே சொல்லிவிட்டன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புக்கான சான்றிதழ், வண்டியின் பாகங்களை இயக்கிக் காட்டி விளக்கும் திறன், ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ போதிய பயிற்சி ஆகியவற்றை 24-ஆம் விதி கேட்கிறது. இவற்றோடு போக்குவரத்துச் சின்னங்களிலும், மோட்டார் வாகனச் சட்டம் 118-ஆம் பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட சாலை ஒழுங்குமுறைகளிலும் முழுமையான அறிவு இருக்க வேண்டும் என்கிறது. பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண் பட்டியலைக் காட்டலாம். அனுபவத்துக்கு உரிமத்தில் உள்ள தேதியைக் காட்டலாம். சாலை விதிகளில் முழுமையான அறிவு உண்டு என்பதற்கு எதைக் காட்டுவது? அந்த விதியில் வினாத்தாள் இல்லை, தேர்ச்சி மதிப்பெண் இல்லை. பள்ளிக்கு உரிமம் வழங்கும் அதிகாரி கவனத்தில் கொள்ள வேண்டியவற்றில் ஒன்றாக மட்டும் அது நிற்கிறது. பயிற்றுநராக விரும்பும் ஒவ்வொருவரும் சாலை விதிகளில் முறையான எழுத்துத் தேர்வு எழுதித் தேற வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மீண்டும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

கற்றுக்கொள்பவரிடம் சட்டம் இவ்வளவு தளர்வாக இல்லை. எல்.எல்.ஆர். வேண்டுமானால் அவர் 11-ஆம் விதிப்படி முதல்நிலைத் தேர்வு எழுதியாக வேண்டும். சின்னங்கள், சிக்னல்கள், சாலை விதிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் என எல்லாவற்றிலும் கேள்வி வரும். நூற்றுக்கு அறுபது பங்கு சரியாகச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்தின் டிஎன் 48, திருச்சி மேற்கின் டிஎன் 45, கிழக்கின் டிஎன் 81 என எந்த எல்லைக்குள் வசித்தாலும், பதினெட்டு வயது நிரம்பிய கல்லூரி மாணவி இந்தப் படியைத் தாண்டித்தான் கார் ஓட்டப் பழக முடியும். அவருக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு விதி தெரியும் என்பதை மட்டும் நாம் கேட்காமலே ஒப்புக்கொள்கிறோம். பிரிட்டனில் இது வேறு மாதிரி. அங்கே கார் பழகுபவர் 50 கேள்விகளில் 43-க்குச் சரியான விடை எழுத வேண்டும். பயிற்றுநராக விரும்புபவருக்கு 100 கேள்விகள், அவற்றில் 85 சரியாக இருக்க வேண்டும். அந்த நூறும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் 25 கேள்விகளிலும் குறைந்தது 20 சரியாக வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வண்டியின் இயந்திரம் அத்துப்படி என்பதற்காகச் சட்டத்தில் உள்ள ஓட்டையை அங்கே மறைக்க முடியாது. சாலைக் காட்சிகளைத் திரையில் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் சோதனையில் பழகுபவருக்கு 75-க்கு 44 போதும், பயிற்றுநருக்கு 57 வேண்டும். இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் ஓட்டும் திறனுக்கும் கற்பிக்கும் திறனுக்கும் தனித்தனித் தேர்வுகள். சிங்கப்பூரிலோ பழகுபவரே 50-க்கு 45 எடுத்தால்தான் தேர்ச்சி.

தேர்வு ஒருமுறை எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் விதிகள் மாறுகின்றன. 1989-இன் சாலை ஒழுங்குமுறைகள் இன்று நடைமுறையில் இல்லை. அவற்றின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017 ஜூன் 23 அன்று அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து 2019-இல் சட்டமே திருத்தப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவ வருபவரைப் பாதுகாக்கும் 134-ஏ பிரிவு அப்போதுதான் சேர்ந்தது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கும் 194-இ பிரிவும் அப்போது வந்ததே. 2005-இல் தொழிலுக்கு வந்த பயிற்றுநர் ஒருவர் இந்த மாற்றங்களைத் தானாகத் தேடிப் படித்திருக்கலாம். அப்படிப் படித்த அக்கறையுள்ளவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். படிக்காதவரையும் அவரையும் பிரித்துக் காட்ட எதுவும் இல்லாததுதான் குறை. பள்ளியின் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பயிற்றுநரின் தேர்வையும் அந்தப் புதுப்பித்தலோடு சேர்த்துவிட்டால் புதிதாக எந்த அலுவலகமும் திறக்க வேண்டியதில்லை.

திருச்சியில் ரவுண்டானாவைக் கடப்பது பழகுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். தலைமைத் தபால் நிலைய ரவுண்டானாவோ எம்.ஜி.ஆர். சிலை ரவுண்டானாவோ, சிக்னல் இயங்காத ஒரு காலை நேரத்தில் நான்கு பக்கமிருந்தும் வண்டிகள் வருகின்றன. யார் நிற்க வேண்டும், யார் போக வேண்டும்? பெரிய வண்டிக்கு வழிவிடு என்று ஒருவர் சொல்லிக்கொடுப்பார். ஹாரன் அடித்துக்கொண்டே மெதுவாக நுழைந்துவிடு என்பார் இன்னொருவர். விதி சொல்வது வேறு. ஏற்கெனவே ரவுண்டானாவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை, வெளியிலிருந்து நுழைபவர் காத்திருக்க வேண்டும், வெளியேறும்போது இண்டிகேட்டர் போட வேண்டும். இதன் காரணமும் எளியது. உள்ளே இருப்பவர் நின்று வெளியே இருப்பவர் நுழைந்துகொண்டே இருந்தால் வட்டம் நிறைந்து யாருமே வெளியேற முடியாது. தேர்வுக்காக உட்கார்ந்து படிக்கும் பயிற்றுநர் இந்தக் காரணத்தையும் சேர்த்துப் படிப்பார். காரணம் தெரிந்தவர் சொல்லும்போதுதான் பழகுபவரின் மனத்தில் அது தங்கும். சின்னங்களுக்கும் இது பொருந்தும். கட்டளைச் சின்னங்கள் வட்டமானவை, எச்சரிக்கைச் சின்னங்கள் முக்கோணமானவை என்று எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். 'நில்' பலகை மட்டும் ஏன் எண்கோணமாக இருக்கிறது, 'வழிவிடு' மட்டும் ஏன் தலைகீழ் முக்கோணமாக இருக்கிறது? தூசு படிந்து எழுத்து மறைந்தாலும், எதிர்ப்பக்கத்திலிருந்து பின்புறம் மட்டும் தெரிந்தாலும், வடிவத்தை வைத்தே அவற்றை அடையாளம் காண முடியும். இரவில் சிக்னல் மஞ்சளாக விட்டுவிட்டு எரிந்தால் வேகம் குறைத்துக் கவனமாகப் போகலாம். சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தால் நின்று, பார்த்து, அதன் பிறகே நகர வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரியாத ஒருவர் சந்திப்பைக் கடக்கக் கற்றுக்கொடுப்பது ஆபத்தானது.

ஸ்ரீரங்கத்தில் இந்த அறிவுக்கு இன்னும் பெரிய தேவை இருக்கிறது. உத்திர வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் நடப்பவர்களுக்காக உருவானவை. வைகுண்ட ஏகாதசிக்கு மட்டுமல்ல, சாதாரண நாளிலும் ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் வரை வயதானவர்களும் குழந்தைகளும் வெளியூர்க்காரர்களும் வண்டிகளுக்கு நடுவில்தான் நடக்கிறார்கள். மாம்பழச்சாலையில் காவிரிப் பாலத்துக்குத் திரும்பும் வண்டிகளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கின்றன. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 19.5 சதவீதம் பாதசாரிகள் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. வரிக்குதிரைக் கோட்டில் பாதசாரிக்கு முன்னுரிமை உண்டு என்பதை எல்.எல்.ஆர். தேர்வில் எல்லாரும் சரியாகக் குறித்துவிடுவார்கள். கோடே இல்லாத சித்திரை வீதியில், தேங்காய்க் கடைக்கு முன் நின்றுகொண்டிருக்கும் ஒரு மூதாட்டி எந்த நொடியிலும் இறங்கி நடக்கலாம் என்று எதிர்பார்த்து வண்டியை மெதுவாக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. பயிற்றுநர் தேர்வில் வெறும் கேள்வி-விடை மட்டும் போதாது, காட்சியைக் காட்டி ஆபத்து எங்கே என்று கேட்கும் பகுதியும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு எதிரான வாதங்களில் மிக வலுவானது, கல்வியால் விபத்து குறையும் என்பதற்கே சான்று குறைவு என்பது. உரிமம் பெற்றுவிட்ட ஓட்டுநர்களுக்கு மேற்கொண்டு பாடம் நடத்துவது விபத்தைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்று, பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு சொல்லியிருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. வேகத்தடையும், ஒழுங்கான நடைபாதையும், கண்டிப்பான கண்காணிப்பும் எந்தப் பாடத்தையும்விட விரைவாக உயிர்களைக் காக்கும். தமிழ்நாட்டில் 2022-இல் நடந்த 64,105 விபத்துகளும் அவற்றில் இறந்த 17,884 பேரும் பயிற்றுநர்கள் படிக்காததால் நேர்ந்தவை என்று சொல்வது அநியாயம். நான் கேட்பது அதைவிடச் சிறியது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதது. பணம் வாங்கிக்கொண்டு சட்டத்தைக் கற்பிக்க அரசு ஒருவருக்கு அங்கீகாரம் தருகிறது என்றால், அவருக்கு அந்தச் சட்டம் தெரியுமா என்று பார்ப்பது அரசின் கடமை. மேலும், அந்த ஆய்வு ஏற்கெனவே பழக்கம் ஊறிப்போனவர்களைப் பற்றியது. முதன்முதலாக ஸ்டியரிங் பிடிப்பவரின் கையில் எந்தப் பழக்கம் ஏறுகிறது என்பது வேறு கேள்வி. தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் பரவாயில்லை என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

நம் சாலையில் யார் விதியைப் பின்பற்றுகிறார்கள், நெரிசலில் சமாளிக்கத் தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. காந்தி மார்க்கெட் பக்கம் காலை நேரத்தில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். சமாளிக்கும் திறன் அவசியம்தான். ஆனால் சமாளிப்பை முதல் பாடமாகக் கற்றவருக்கு விதி எது, விதிமீறல் எது என்றே தெரியாமல் போகிறது. பால்பண்ணை சந்திப்பில் எதிர்த்திசையில் வரும் ஆட்டோவுக்கு ஒதுங்கிப்போவது விவேகம். அந்த ஆட்டோ செய்வது 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல் என்பதும் தெரிந்திருந்தால்தான் நாளைக்கு நாம் அதையே செய்யமாட்டோம்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டிக்காரர்கள், அவர்களில் பெரும்பாலோர் அப்பாவிடமோ அண்ணனிடமோதான் கற்றார்கள், பயிற்சிப் பள்ளியைத் திருத்தி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. கார் கதவைப் பின்னால் பார்க்காமல் திறந்து ஸ்கூட்டரைச் சாய்ப்பவரும், இண்டிகேட்டர் போடாமல் இடதுபக்கம் வெட்டுபவரும் எங்கோ ஒரு பள்ளியில் பழகியவர்களாக இருக்கக்கூடும் என்பதே என் பதில். அங்கீகாரம் பெற்ற பெரிய ஓட்டுநர் பயிற்சி மையங்கள் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த விதிகள் கார் பயிற்சிக்கு 29 மணி நேரம் ஒதுக்கி, அதில் எட்டு மணி நேரத்தை வகுப்பறைப் பாடத்துக்கு வைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அத்தகைய மையத்துக்கு ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். தில்லைநகரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு சின்ன அறையும் இரண்டு கார்களும் வைத்து நடத்தும் பள்ளிகளிடம்தான் இன்னும் பல ஆண்டுகளுக்கு மக்கள் போவார்கள்.

அந்தச் சின்னப் பள்ளிகளின் பிழைப்பைப் பற்றிய கவலையை நான் மதிக்கிறேன். ஐம்பது வயதில், நன்றாகக் கற்றுக்கொடுத்துப் பேர் வாங்கிய ஒருவரைக் கணினி முன் உட்கார வைத்து அவமானப்படுத்தக் கூடாது. ஆகவே தேர்வு தமிழில் இருக்க வேண்டும், சட்டப் புத்தகத் தமிழில் அல்ல, இண்டிகேட்டரை இண்டிகேட்டர் என்றே சொல்லும் தமிழில். 2017-இன் ஒழுங்குமுறைகள் முழுவதையும் படங்களோடு விளக்கும் ஒரு கைநூலைப் போக்குவரத்துத் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேட்டுப் பதில் சொல்ல விரும்புபவருக்கு வாய்மொழித் தேர்வும் வேண்டும். வினா வங்கி ஒன்று உருவாகி, விடைகளை மட்டும் உருப்போட்டுத் தேறிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. கேள்விகளில் ஒரு பங்கு அந்தந்த ஊரின் சந்திப்புகளின் படங்களாக இருந்து, காரணத்தையும் எழுதச் சொன்னால் உருப்போட்டவர் தடுமாறுவார். நான்கு பகுதிகளிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்ற பிரிட்டன் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அந்த நான்கு, சின்னங்களும் சிக்னல்களும், சாலை ஒழுங்குமுறை, விபத்தின்போது கடமைகள், கற்பிக்கும் முறை என்று இருக்கட்டும்.

தேறாதவர் அன்றைக்கே வேலையை இழக்க வேண்டியதில்லை. 31-ஆம் விதியின் பாடத்திட்டம் கார் பயிற்சியைக் குறைந்தது 21 நாள் என்றும், அதில் உண்மையாக ஓட்டும் நேரம் பத்து மணிக்குக் குறையக் கூடாது என்றும் வைத்திருக்கிறது. ஓட்டிய நேரத்தைப் பதிய 15-ஆம் படிவம் இருப்பதால் அது கணக்கில் வருகிறது. விதிப் பாடத்தை யார், எந்த நாளில், எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதையும் அதே பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். தேறாத பயிற்றுநர் மறுதேர்வு வரை கிளட்சும் கியரும் சொல்லிக்கொடுக்கட்டும். சாலை விதி வகுப்பை மட்டும் அதே பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ தேர்ச்சி பெற்ற ஒருவர் எடுக்கட்டும், அவருடைய பெயரும் தேர்ச்சி பெற்ற ஆண்டும் பள்ளியின் சுவரில், உரிமத்துக்குப் பக்கத்தில், பழக வருபவர்களின் கண்ணில் படும்படி இருக்கட்டும்.