தமிழ் முகவரியை மறைப்பது பாதுகாப்பு ஆகாது

புதுச்சேரியின் தெருப் பெயர்ப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன. இணைய முகவரி என்று வந்தால் மட்டும் இரண்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை வைத்து மோசடி செய்வார்கள். ஆகவே ஆங்கிலத்தின் 26 எழுத்துகளைத் தாண்டிய முகவரி எதுவானாலும் உலாவி அதை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சிறுகோடுகளும் மட்டுமே கொண்ட பியூனிகோடு குறியீடாக மாற்றியே காட்ட வேண்டும் என்பது வாதம். அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017இல் ஓர் ஆய்வாளர் சிரிலிக் எழுத்துகளை மட்டுமே கொண்டு, ஆப்பிள் நிறுவனத்தின் பெயர் போலவே தோன்றும் முகவரியைப் பதிவு செய்தார். குரோமிலும் ஃபயர்பாக்சிலும் கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. ஆனால் அதற்காகத் தமிழையும் பிரெஞ்சையும் மறைக்கச் சொல்வது எப்படிச் சரியாகும்?

அந்த ஓட்டையை அதே ஆண்டு ஏப்ரலில் வந்த 58ஆம் பதிப்பிலேயே குரோம் அடைத்துவிட்டது, எந்த எழுத்துமுறையையும் தடை செய்யாமலே. தமிழும் ஆங்கிலமும் ஒரே பெயருக்குள் கலந்தால் குரோம் குறியீட்டைக் காட்டுகிறது. இருவகை எண்ணுருக்கள் கலந்தாலும் அப்படியே. குறியிட்ட பிரெஞ்சு எழுத்து வந்தால், குறியை நீக்கிப் பார்த்துப் புகழ்பெற்ற தளம் எதனுடனாவது ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிறது. பிரெஞ்சு முறையில் எழுதிய 'பொந்திஷெரி' தடையின்றி வரும். 'கூகுள்' பெயரின் 'ஓ'வுக்கு மேல் குறியிட்டு ஏமாற்ற முயன்றால் அகப்படும். சஃபாரியோ அப்படியே காட்டத்தக்க எழுத்துமுறைகளுக்கு ஒரு பட்டியல் வைத்தது. தமிழ் அதில் உண்டு. பிரான்சின் '.எஃப்ஆர்' முகவரிகளில் குறியிட்ட எழுத்துகளுக்கு 2012இலேயே வழி திறந்துவிட்டார்கள்.

குறியீடாகக் காட்டுவதே பாதுகாப்பு என்ற கருத்துத்தான் இந்த வாதத்தின் உயிர்நாடி. அதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது. '.இந்தியா', '.இலங்கை' இரண்டையும் பியூனிகோடாக எழுதிப் பாருங்கள்: எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள், எக்ஸ், கே, சி, 2 என்று முதல் எட்டு இடங்களும் அச்சாக ஒன்றே. தமிழில் ஒரு பார்வையில் பிரித்தறியும் இரண்டு நாடுகள், குறியீட்டில் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டிய புதிராகிவிடுகின்றன. வங்கியின் உண்மை முகவரியும் போலி முகவரியும் இப்படி வந்தால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் எதை வைத்துச் சந்தேகப்படுவார்? சிரிலிக் வேடமிட்ட ஆங்கிலப் பெயருக்குக் குறியீடு நல்ல எச்சரிக்கை. தமிழ்ப் பெயருக்கு அது கண்கட்டு.

ஆங்கில எழுத்தில் மோசடி இல்லை என்பதும் பொய். 'ஆர்', 'என்' இரண்டையும் சிறிய வடிவில் ஒட்டி எழுதினால் 'எம்' ஆகத் தெரியும். சிறிய 'எல்'லும் எண் 1உம் பல எழுத்துருக்களில் இரட்டையர். அதற்காக எவரும் 'எம்'மைத் தடை செய்யவில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழுக்குள்ளேயே ஒப்புருக்கள் இருக்கின்றன. 'க'வும் தமிழ் எண் '௧'வும், 'அ'வும் '௮'வும், 'ஔ'வும் 'ஒ', 'ள' சேர்ந்த 'ஒள'வும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. இவை எல்லாம் ஒரே எழுத்துமுறை என்பதால் கலப்புச் சோதனையில் சிக்கமாட்டா. ஆனால் இதை உலாவியின் தலையில் மட்டும் சுமத்துவது பொருந்தாது. பெயரைப் பதிவு செய்து தரும் இடத்தில்தான் முதல் தடுப்பு வேண்டும். இணையத்தின் மூல மண்டலத்தில், அதாவது '.இந்தியா' போன்ற ஈற்றுப்பெயர்களில், எண்ணுருக்களுக்கு இடமே இல்லை. புள்ளிக்கு இடப்பக்கம் வரும் பெயர்களுக்கு விதி வகுப்பது அந்தந்தப் பதிவகம். ஒருவருக்கு 'க' உள்ள பெயரைக் கொடுத்தால், '௧' உள்ள அதன் சாயலை வேறொருவருக்கு விற்காமல் நிறுத்திவைக்கப் பதிவகத்தால் முடியும், நிறுத்திவைக்கவும் வேண்டும்.