திருந்த வேண்டியது யார்?

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம் திண்டுக்கல். பட்டறையில் அரம் பிடிக்கும் தோழன் செய்யும் பூட்டு, ஊரார் செல்வத்தைக் காக்கிறது. அவன் வீட்டில் பூட்டி வைக்க என்ன இருக்கிறது?

அந்தத் தோழன் படிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பேரறிஞர் விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட நாவல். சுத்தானந்த பாரதியார் அதை ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். 1950இல் படமாகவும் வந்தது. நாகையா நாயகன், ஈவிரக்கமற்ற போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன். அன்று முதல் அவரை ‘ஜாவர்’ சீதாராமன் என்றே நாடு அழைத்தது.

கதை என்ன? தமக்கையின் பிள்ளைகள் பசியால் துடிக்க, ஒரு ரொட்டியைத் திருடினான் வால்ஜான். தண்டனை 5 ஆண்டு. தப்பியோட முயன்றதற்கு மேலும் 14. ஆக ஒரு ரொட்டிக்கு 19 ஆண்டு! வெளியே வந்தவன் கையில் மஞ்சள் சீட்டு. விடுதிக்காரன் விரட்டினான். ஒரு பாதிரியார் மட்டும் கதவைத் திறந்தார். அவர் வீட்டு வெள்ளிச் சாமானையே திருடி அகப்பட்டவனை, தாம் கொடுத்தது என்று சொல்லி மீட்டார். அவன் மனிதனானான்.

இதோடு புத்தகத்தை மூடிவிட்டு, “அன்பு காட்டினால் ஏழை திருந்துவான்” என்று உபதேசம் செய்வோர் உண்டு. நாம் மேலே படிப்போம். திருந்திய வால்ஜான் ஆலை முதலாளியாகிறான், ஊருக்கே மேயராகிறான். தருமவான்தான். ஆனால் அவனது ஆலையிலிருந்துதான், மணமாகாமல் தாயானவள் என்று பாந்தீன் விரட்டப்படுகிறாள், முதலாளிக்கே தெரியாது! கூந்தலை விற்றாள், பல்லை விற்றாள், கடைசியில் தன்னையே விற்றாள். முதலாளியின் நல்ல மனம் அவள் வேலையைக் காக்கவில்லை. தோல் ஷாப்பிலும் நூற்பாலையிலும் உழைப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தருமம் வேறு, உரிமை வேறு.

மஞ்சள் சீட்டு பிரான்சுக்கு மட்டும் சொந்தமா? 1985 வரை திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில்தான் வெள்ளை சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மீது ஏவியது. ரொட்டி திருடவும் வேண்டாம், பிறந்தாலே குற்றவாளி! கைரேகை பதிய வேண்டும். ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. மாண்டவர் 16 பேர். அவர்களில் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். ‘ரோசாப்பூ துரை’ ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

அம்மக்களுக்கென்று பள்ளிகளும் வைத்தார்கள். திண்டுக்கல் வட்டாரத்திலும் வந்தன. கல்வி நல்லது, கற்று உயர்ந்தோர் பலர். ஆனால் வைத்த பெயர் ‘கள்ளர் சீரமைப்பு’! சீரமைக்க வேண்டியது மக்களையா, அவர்களைக் குற்றவாளி என்ற சட்டத்தையா?

சட்டம் போயும் முத்திரை போகவில்லை. 1948லேயே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்று வேறொரு சட்டம் வந்தது. சிறையில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3இல்தான் செல்லாதென்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூன்று பங்கினர், தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். ஜாமீனுக்குப் பணம் உள்ளவன் வீட்டுக்குப் போகிறான். இல்லாதவன் உள்ளே கிடக்கிறான். அந்தக் கதவில் தொங்குவது ஏழ்மை என்னும் பூட்டு!

தன் உயிரைக் காத்த வால்ஜானைக் கைது செய்யவும் முடியாமல், விடவும் முடியாமல் ஜாவர் ஆற்றில் விழுந்து மடிகிறான். சட்டமும் நீதியும் ஒன்றென நம்பியவனின் முடிவு அது. ஜாவர்கள் சாக வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அவர்கள் கையிலுள்ள சட்டத்தை மாற்ற வேண்டும் என்கிறோம். அது பாதிரியாரின் கருணையால் நடக்காது. திரண்ட மக்களின் வலிமையால் நடக்கும்.