தகடு வாங்கும் முன் கணக்குப் போடுவோம்

கேரவன் காணொளிகளைப் பார்க்காத இளையோர் இன்று குறைவு. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தம் டிரெய்லரின் கூரையில் இரண்டு மூன்று சூரியத் தகடுகளைப் பொருத்துகிறார். பத்து நிமிடக் காணொளி முடிவதற்குள் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, குளிர்பெட்டி ஓடுகிறது. 'இவ்வளவுதானா? நாமும் செய்துவிடலாமே' என்று நமக்கும் தோன்றுகிறது.

தாராளமாகச் செய்யலாம். விடுமுறைக்கு இழுத்துச் செல்லும் டிரெய்லராக இருந்தாலும், இரவுச் சந்தையில் வியாபாரம் செய்யும் டிரெய்லராக இருந்தாலும் கூரை ஒன்றுதான், சூரியனும் ஒன்றுதான். ஆனால், காணொளியில் நாம் பார்ப்பது அந்த மனிதரின் ஊருக்கும் அவருடைய தேவைக்கும் கிடைத்த விடை. அதை அப்படியே எடுத்து நம் கூரையில் ஒட்ட முடியாது. நமக்குரிய கணக்கை நாமே போட வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் படிவம் 5 இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதைத் தேர்வு மண்டபத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மின்னியல் பொறியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் இதை நான் வெறும் ஏட்டளவில் சொல்லவில்லை. என் மாமா ஒரு சிறிய டிரெய்லரில் குளிர்பானம் விற்கிறார். வாரத்தில் ஐந்து நாள் ஐந்து வெவ்வேறு இரவுச் சந்தைகள். பெட்ரோல் ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் போதும் போதும் என்றாகி, சோலாருக்கு மாற விசாரித்தார். "1,000 வாட் தகடு, ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரி, எல்லாமே ஓடும்" என்றார் ஒரு விற்பனையாளர். கேட்ட விலை சில ஆயிரம் வெள்ளி. கையெழுத்துப் போடும் முன் மாமா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏண்டா தம்பி, இது ராத்திரி 11 மணி வரைக்கும் தாங்குமா?"

வாட் வேறு, வாட்-மணி வேறு

வீட்டுப் பேச்சில் நமக்கு எல்லாமே 'கரண்டு'தான். பள்ளியிலோ மலாயில் குவாசா, தெனாகா என்று இரண்டு சொற்களைப் படித்தோம். தமிழில் திறன், ஆற்றல் என்று சொல்கிறோம். வாட் என்பது திறன், அதாவது ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தின்கிறது என்பது. வாட்-மணி என்பது ஆற்றல், அதாவது மொத்தம் எவ்வளவு தின்றது என்பது. வீட்டு மின்கட்டண ரசீதில் நாம் பணம் கட்டுவது இரண்டாவதற்கு. விற்பனை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதலாவது.

மாமாவின் கேள்விக்கு விடை காண ஒரு தாளும் எழுதுகோலும் போதுமானதாக இருந்தது. வியாபார நேரம் மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை, 6 மணி நேரம். எல்.இ.டி. விளக்குகள் மொத்தம் 60 வாட், ஆக 360 வாட்-மணி. இரண்டு விசிறிகள், ஒவ்வொன்றும் 40 வாட், ஆக 480. குளிர்பெட்டியை வீட்டிலேயே குளிரவைத்துத்தான் எடுத்துச் செல்வார். சந்தையில் அது சராசரியாக 80 வாட் இழுக்கும், ஆக 480. பழம் அரைக்கும் கருவி 500 வாட். ஆனால் விட்டு விட்டு ஓடுவதால் மொத்தம் அரை மணி நேரம்தான், ஆக 250. கூட்டினால் 1,570 வாட்-மணி. இன்வெர்ட்டரிலும் கம்பியிலும் வீணாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ 1,800.

இப்போது விற்பனையாளரின் திட்டத்தைப் பாருங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் பேட்டரி பிடித்து வைப்பது 1,280 வாட்-மணி. பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் 80 விழுக்காட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஏறத்தாழ 1,020. மணிக்கு 300 வாட்-மணி செலவாகும் கடையில் அது மூன்றரை மணி நேரம்கூட வராது. இரவு எட்டரைக்குள், கூட்டம் நெருக்கியடிக்கும் நேரத்தில், கடை இருண்டுவிடும். இன்னொரு பக்கம் 1,000 வாட் தகடுகளோ, நல்ல வெயில் நாளில் 3,000 வாட்-மணிக்கு மேல் விளைவிக்கும். பகலில் விளைவதைச் சேர்த்து வைக்க இடமில்லை. இரவில் எடுக்கச் சரக்கில்லை. பணம் போக வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்துக்குப் போயிருக்கும்.

கணக்கு வேறொன்றையும் காட்டியது. அந்த இரண்டு விசிறிகளுக்குப் பதில் 20 வாட் நேர்மின் விசிறிகளை மாட்டினால் நாளுக்கு 240 வாட்-மணி மிச்சம். அதற்கு ஈடான தகட்டையும் பேட்டரியையும் வாங்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. ஆகவே முதல் வேலை செலவைக் குறைப்பது, பிறகுதான் உற்பத்தி. இந்த வரிசையை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லித்தரமாட்டார்.

நம் வானத்தின் கணக்கு

தகட்டின் பின்புறம் 200 வாட் என்று அச்சிட்டிருப்பது ஆய்வுக்கூட அளவு. ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, தகட்டின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் என்ற நிலையில் எடுத்தது. நம் ஊர் நண்பகலில் தகரக் கூரைமேல் இருக்கும் தகடு 60 பாகையைத் தொடும். சிலிக்கான் தகடு, 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காட்டுத் திறனை இழக்கிறது. வெப்பத்தால் மட்டுமே 12 விழுக்காடு போய்விடும். அதனால்தான் தகட்டைக் கூரையோடு ஒட்டிவிடாமல், கீழே காற்றோட சில சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் நாளொன்றுக்கு முழு வெயிலுக்கு ஈடாகக் கிடைப்பது சுமார் நான்கரை மணி நேரம். இழப்புகளைக் கழித்து 70 விழுக்காடு கைக்கு வருவதாக வைத்தால், 200 வாட் தகடு ஒன்று ஒரு நாளில் தருவது ஏறத்தாழ 630 வாட்-மணி. மாமாவுக்கு மூன்று தகடு போதும். அவை பிடிக்கும் இடம் மூன்று சதுர மீட்டர் அளவு. அவருடைய கூரையில் பாதி.

தகட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதிலும் காணொளிகள் நம்மைக் குழப்பும். அமெரிக்கர் தெற்கே சாய்க்கச் சொல்வார், ஆஸ்திரேலியர் வடக்கே சாய்க்கச் சொல்வார். இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி. மெல்பர்ன் தெற்கே 38 பாகையில் இருக்கிறது. அங்கே ஜூன் மாத நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 29 பாகை உயரத்தைத்தான் எட்டும். படுக்கையாக வைத்த தகட்டில் நேரடி ஒளியில் பாதிதான் விழும். கோலாலம்பூரோ வடக்கே 3 பாகையில் இருக்கிறது. சூரியன் ஆண்டில் சில மாதம் நமக்கு வடக்கே, சில மாதம் தெற்கே. எனவே கூரையில் படுக்கையாக வைத்தாலே போதும். சாய்க்கும் தாங்கிகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. மழைநீர் தேங்காமல் தூசியோடு வழிந்தோட ஒரு சிறு சரிவு இருந்தால் சரி.

நாம் கவலைப்பட வேண்டியது நிழலைப் பற்றி. தகட்டில் உள்ள மின்கலங்கள் சங்கிலிபோல் தொடராக இணைந்தவை. ஒரு கிளையின் நிழல் சில கலங்களை மறைத்தாலும் தகட்டின் ஒரு பெரும் பகுதி வேலை செய்யாமல் போகும். மாமா பகலில் டிரெய்லரை ரம்புத்தான் மரத்தடியில்தான் நிறுத்துவார். வெயிலில் சூடேறக் கூடாதென்று. சோலார் வந்தபின் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று. 'டிரெய்லர் பகலில் எங்கே நிற்கிறது?' என்ற கேள்வி, 'எத்தனை வாட்?' என்ற கேள்விக்கு முன் வர வேண்டும்.

உயிரோடு விளையாடக் கூடாது

12 வோல்ட்தானே என்ற அலட்சியம் பலரிடம் உண்டு. 12 வோல்ட்டில் 1,000 வாட் எடுத்தால் கம்பியில் ஓடுவது 80 ஆம்பியருக்கு மேல். மெல்லிய கம்பி அதைத் தாங்காது, சூடாகி உருகும். பேட்டரிக்கு மிக அருகில், அதன் நேர்முனைக் கம்பியில், ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. நேர்மின்னோட்டத்துக்கு அப்படி ஓய்வு இல்லை. பொறி தொடர்ந்து எரியும். ஆகவே நேர்மின்னுக்கென்றே செய்த துண்டிப்பான்களைத்தான் வாங்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும் வரை தகட்டை 'அணைக்க' முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வேலை செய்யும்போது கெட்டியான துணியால் மூடிவிடுங்கள். கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகு தகட்டை. கழற்றும்போது வரிசை தலைகீழ். நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லரில் காற்று தகட்டைத் தூக்கப் பார்க்கும். திருகுகள் கூரைத் தகரத்தை மட்டும் பிடித்தால் போதாது, உள்ளே இருக்கும் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். துளைத்த இடங்களில் நீர்புகாப் பசை வைக்காவிட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். இன்வெர்ட்டருக்கு அப்பால் வருவது வீட்டில் இருக்கும் அதே 230 வோல்ட். அந்தப் பகுதியைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே அறிவு.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

கெடா மாநிலத்தின் கூலிமில் சூரியத் தகடு செய்யும் பெரிய தொழிற்சாலை இயங்குகிறது. 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்ற வேண்டும் என்று 2023-இல் அரசாங்கம் இலக்கு அறிவித்தது. தகடும் இருக்கிறது, இலக்கும் இருக்கிறது. இடையில் நிற்கும் சிறு வியாபாரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில் நாம் நிற்கலாம்.

இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகங்களும் பல்கலைக்கழக, பாலிடெக்னிக் மாணவர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒரு திட்டமாக இதை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வியாபாரியை, அல்லது முகாம் டிரெய்லர் வைத்திருக்கும் ஒரே ஒரு குடும்பத்தைச் சந்திக்கட்டும். கருவிகளின் பட்டியல், ஓடும் நேரம், டிரெய்லர் பகலில் நிற்கும் இடம், மாதப் பெட்ரோல் செலவு ஆகிய நான்கையும் எழுதி வாங்கினால் போதும். சோலார் கட்டுப்படியாகுமா, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். சில இடங்களில் 'வேண்டாம், ஜெனரேட்டரே இருக்கட்டும்' என்பதுதான் நேர்மையான விடையாக இருக்கும். அதையும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இதைக் கைவேலை என்று ஒதுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 'நல்லாப் படிக்கிற பிள்ளை எதுக்குக் கம்பி இழுக்கணும்' என்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஓமின் விதியை எழுதி மதிப்பெண் வாங்கியபோது எனக்குப் புரியாத ஒன்று, எந்தத் தடிமனில் கம்பி வாங்குவது என்று யோசித்தபோது புரிந்தது. கைவேலையும் படிப்பும் எதிரிகள் அல்ல என்பதை வேறு எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

மாமாவின் கூரையில் இப்போது மூன்று தகடுகள் இருக்கின்றன; உள்ளே 200 ஆம்பியர்-மணி பேட்டரி. பெரும்பாலான இரவுகளில் 11 மணி வரை தாங்குகிறது. மழை விடாது பெய்யும் வாரங்களில் ஜெனரேட்டர் வெளியே வருகிறது. இந்த வார இறுதியில் உங்கள் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ உள்ள கருவிகளின் பின்புறத்தைத் திருப்பி, வாட் எண்களை ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். தகட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.